சிவப்பு வரியைப் படியுங்கள்; ஸாம்பை அழிக்காதீர்கள்



படிவம் 5 கணினி அறிவியல் பாடத்தில் இணையம் சார்ந்த நிரலாக்கம் தொடங்கியதும் உங்களில் பலர் ஸாம்ப் என்ற மென்பொருள் தொகுப்பைக் கணினியில் நிறுவுகிறீர்கள். ‘ஸ்டார்ட்’ பொத்தானை அழுத்துகிறீர்கள். அப்பாச்சி என்ற பெயர் பச்சையானால் மகிழ்ச்சி. பச்சை வந்த வேகத்தில் மறைந்து, கீழே சிவப்பு எழுத்தில் ஒரு வரி வந்தால்? பெரும்பாலோர் ஸாம்பை நீக்கிவிட்டு மறுபடியும் நிறுவுகிறார்கள். அப்படியும் சரிவராவிட்டால், “கணினி நமக்கு ஒத்துவராது” என்று ஒதுங்கிவிடுகிறார்கள்.

இரண்டுமே வேண்டாத முடிவுகள் என்பது என் கருத்து. அந்தச் சிவப்பு வரியைப் படித்துப் புரிந்துகொள்வதும் பாடத்தில் ஒரு பகுதிதான். சொல்லப்போனால், தேர்வு முடிந்த பிறகும் உங்களோடு வரப்போகும் பகுதி அதுதான்.

இணையம் இல்லாமல் இணையப் பக்கம்

பாலிங், குப்பாங், கோலக்கெட்டில் வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு இது ஏன் முக்கியம்? நீங்கள் இருக்கும் இடத்தில் இணைய இணைப்பு சில நேரம் கிடைக்கும், சில நேரம் கிடைக்காது. உள்ளகச் சேவையகத்துக்கு அந்த இணைப்பே தேவையில்லை. உலாவியில் ‘லோக்கல்ஹோஸ்ட்’ என்று தட்டும்போது கேள்வி கேட்பதும் உங்கள் கணினி, பதில் சொல்வதும் அதே கணினி. அதன் முகவரி 127.0.0.1. கோலாலம்பூர் மாணவர் எழுதும் அதே பி.எச்.பி. நிரலை, தோட்டத்து வீட்டில் உட்கார்ந்து நீங்களும் எழுதி ஓடவிட்டுப் பார்க்கலாம். இந்தச் சம வாய்ப்பை ஒரு சிவப்பு வரிக்குப் பயந்து விட்டுக்கொடுக்கலாமா?

ஒரு நிரையை இருவர் பிடிக்க முடியாது

அப்பாச்சி கிளம்பாததற்கு அடிக்கடி அமையும் காரணம் போர்ட் மோதல். பால்மரம் வெட்டிய பாட்டி, தாத்தா வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள். ஒரு நிரையை ஒருவர்தான் பிடிப்பார். காலையில் போகும்போது அங்கே வேறொருவர் நின்றால் வேலை தொடங்காது. கணினியிலும் அப்படித்தான். 0 முதல் 65,535 வரை போர்ட் எண்கள் உள்ளன. இணையப் பக்கத்துக்கு வழக்கமான எண் 80, பாதுகாப்பான இணைப்புக்கு 443, ஸாம்பில் உள்ள தரவுத்தளத்துக்கு 3306. வேறொரு மென்பொருள் 80-ஐ ஏற்கெனவே பிடித்திருந்தால் அப்பாச்சி நின்றுவிடும்.

பிடித்திருப்பது யார் என்று ஊகிக்க வேண்டாம். ஸாம்ப் சாளரத்தின் வலப்பக்கத்தில் ‘நெட்ஸ்டாட்’ என்ற பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தினால் எந்த போர்ட்டை எந்த மென்பொருள் வைத்திருக்கிறது என்ற பட்டியல் வரும். 80-க்கு நேரே செயல் எண் 4 என்று இருந்தால், விண்டோஸ் அமைப்பே அதைப் பிடித்திருக்கிறது என்று பொருள். மைக்ரோசாஃப்டின் சொந்தச் சேவையகமான ஐ.ஐ.எஸ். இயங்கிக்கொண்டிருப்பது இதற்கு ஒரு காரணம்.

இப்போது இரண்டு வழிகள். அந்தச் சேவை உங்களுக்குத் தேவையில்லை என்று உறுதியாகத் தெரிந்தால் அதை நிறுத்தலாம். அல்லது நம் அப்பாச்சிக்கு வேறு எண் கொடுக்கலாம். அப்பாச்சிக்கு நேரே உள்ள ‘கான்ஃபிக்’ பொத்தானை அழுத்தி, முதலில் தெரியும் கோப்பைத் திறங்கள். ‘லிசன் 80’ என்ற வரியை 8080 என்று மாற்றுங்கள். ‘சர்வர்நேம்’ வரியிலும் 80-ஐ 8080 ஆக்குங்கள். பிறகு உலாவியில் லோக்கல்ஹோஸ்ட் என்று எழுதி, முக்காற்புள்ளி வைத்து, 8080 என்று சேர்த்துத் தட்ட வேண்டும். பலர் இந்தக் கடைசிப் படியை மறந்துவிட்டு, “மாற்றியும் வேலை செய்யவில்லை” என்கிறார்கள்.

பேசுவது யார்?

“அப்பாச்சி எதிர்பாராமல் நின்றுவிட்டது” என்று சிவப்பில் எழுதுவது அப்பாச்சி அல்ல. அது ஸாம்ப் சாளரத்தின் குரல். போர்ட் அடைபட்டிருக்கலாம், தேவையான கோப்பு இல்லாதிருக்கலாம், அனுமதி போதாமல் இருக்கலாம் என்று அது வரிசையாக அடுக்கும். வாசலில் நிற்பவருக்கு வீட்டுக்குள் நடந்தது தெரியாது அல்லவா? உள்ளே இருந்த அப்பாச்சியைத்தான் கேட்க வேண்டும்.

அதற்கு ‘லாக்ஸ்’ பொத்தான் உண்டு. பிழைப்பதிவைத் திறந்து கடைசி வரிகளைப் பாருங்கள். அங்கே புதிதாக எதுவும் எழுதப்படவில்லை என்றால் அதுவும் ஒரு தடயம்தான். அமைப்புக் கோப்பில் எழுத்துப்பிழை இருந்தால், பதிவேட்டைத் திறப்பதற்கு முன்பே அப்பாச்சி நின்றுவிடும். அப்போது ‘ஷெல்’ பொத்தானை அழுத்தி, எச்.டி.டி.பி.டி என்ற ஐந்து ஆங்கில எழுத்துகளையும், ஓர் இடைவெளி விட்டு ஒரு சிறு கோடும் ‘டெஸ்ட்’ என்ற சொல்லின் முதலெழுத்தைச் சிறிய வடிவிலும் தட்டுங்கள். அப்பாச்சி தன் அமைப்புக் கோப்புகளைப் படித்துப் பார்த்து, எந்தக் கோப்பில் எத்தனையாவது வரியில் தவறு என்று சொல்லிவிடும். எல்லாம் சரியென்றால் ‘சிண்டாக்ஸ் ஓகே’ என்று வரும். போர்ட் மோதலை இந்தச் சோதனை காட்டாது. அதற்கு நெட்ஸ்டாட் வேண்டும்.

மற்றொரு சிக்கலையும் சொல்கிறேன். செயல்திட்டக் கோப்புகளைப் பென்டிரைவில் வைத்து, அந்த இடத்தை அமைப்புக் கோப்பில் குறித்துவிடுவீர்கள். பள்ளிக் கணினியில் பென்டிரைவின் எழுத்து ‘இ’, வீட்டில் ‘எஃப்’ என்று மாறினால், குறித்த இடத்தில் கோப்பகம் இருக்காது. அப்பாச்சி கிளம்ப மறுக்கும். பிழைச்செய்தியில் ‘டாக்குமெண்ட்ரூட்’ என்ற சொல்லும் வரி எண்ணும் தெளிவாக இருக்கும். படித்தவருக்கு ஒரு நிமிட வேலை. படிக்காதவர் சுங்கைப்பட்டாணியில் உள்ள கடைக்குக் கணினியைத் தூக்கிக்கொண்டு போவார்.

இன்னொன்று. அப்பாச்சி முதல் தவறைக் கண்டதும் நின்றுவிடும்; மிச்சத்தைச் சொல்லாது. ஒன்றைத் திருத்தியதும் வேறொரு பிழைச்செய்தி வந்தால் சோர்ந்துபோகாதீர்கள். செய்தி மாறியிருக்கிறது என்றால் முதல் தடை நீங்கிவிட்டது என்று பொருள்.

அழித்து நிறுவினால் என்ன நட்டம்?

“இத்தனை பாடு எதற்கு? அழித்துவிட்டுப் புதிதாக நிறுவினால் போயிற்று” என்று கேட்கலாம். நீங்கள் எழுதிய பக்கங்கள் இருக்கும் கோப்பகமும், தரவுத்தள அட்டவணைகள் இருக்கும் கோப்பகமும் ஸாம்ப் கோப்பகத்துக்குள்தான் உள்ளன. முழுவதையும் அழித்தால் பல வார உழைப்பும் சேர்ந்து போய்விடும். தரவுத்தளம் கிளம்பவில்லை என்றதும், யாரோ சொன்னார்கள் என்று ‘ஐபிடேட்டா1’ என்ற கோப்பை நீக்குகிறவர்களும் உண்டு. நீக்கினால் தரவுத்தளம் கிளம்பலாம். ஆனால் உங்கள் அட்டவணைகளைத் திறக்க முடியாமல் போகும். இத்தனைக்கும் பிறகு, 80-ஐப் பிடித்திருந்த மென்பொருள் அங்கேயே இருப்பதால், புதிய ஸாம்பிலும் அதே சிவப்பு வரி வரும்.

“செய்தி ஆங்கிலத்தில் இருக்கிறதே” என்பது அடுத்த தயக்கம். நியாயமான தயக்கம்தான். ஆனால் நீங்கள் தேட வேண்டியவை மூன்றே மூன்று: கோப்பின் பெயர், வரி எண், எந்தச் சொல்லில் தவறு. எண்ணுக்கு மொழி இல்லை. பிழைச்செய்திகளில் திரும்பத் திரும்ப வரும் சொற்களும் குறைவு. இருபது சொற்களுக்குப் பொருள் எழுதி வைத்துக்கொண்டால் பெரும்பாலான செய்திகள் பிடிபடும். ஆசிரியரிடமோ நண்பரிடமோ செயற்கை நுண்ணறிவுச் செயலியிடமோ கேட்பதிலும் தவறில்லை. “ஓடவில்லை” என்று மட்டும் சொல்லாமல், செய்தியை முழுமையாகக் காட்டிக் கேளுங்கள்.

பெரியவர்களுக்கும் நேரும்

அமைப்புத் தவறு கற்றுக்குட்டிகளுக்கு மட்டும் வருவது என்று நினைக்க வேண்டாம். 2021 அக்டோபர் 4-ஆம் நாள், நம் நேரப்படி இரவு 11.40 அளவில், ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் உலகம் முழுவதும் முடங்கின. ஏறக்குறைய ஆறு மணி நேரம் அப்படியே இருந்தன. வழக்கமான பராமரிப்பின்போது கொடுத்த ஒரு கட்டளை, அந்த நிறுவனத்தின் தரவு மையங்களை இணைக்கும் வலையமைப்பையே துண்டித்துவிட்டது. தவறான கட்டளையைத் தடுக்க வேண்டிய சோதனைக் கருவியிலும் ஒரு பிழை இருந்தது. மறுநாளே பொறியாளர்கள் நடந்ததைப் படிப்படியாக எழுதி வெளியிட்டார்கள். நாம் அவர்களிடம் கற்க வேண்டியது இதைத்தான்.

ஆகவே, பள்ளிச் செயல்திட்டங்களில் ஓடும் இணையப் பக்கத்துக்கு மட்டும் புள்ளி கொடுக்காமல், வந்த பிழை, கண்ட காரணம், செய்த திருத்தம் ஆகியவற்றைப் பதிந்த குறிப்பேட்டுக்கும் ஆசிரியர்கள் புள்ளி கொடுக்கலாம். கடைசி நாளில் நண்பனின் கோப்பை நகலெடுத்தவருக்கும் தானே தேடித் திருத்தியவருக்கும் உள்ள வேறுபாடு அப்போது தெரியும்.

ஆசிரியர் சொல்லட்டும் என்று காத்திருக்க வேண்டாம். இந்த வாரமே ஒரு சோதனை செய்யுங்கள். முதலில் அமைப்புக் கோப்புக்கு ஒரு நகல் எடுத்து வேறிடத்தில் வையுங்கள். ‘லிசன்’ என்ற சொல்லில் வேண்டுமென்றே ஓர் எழுத்தை நீக்கிவிட்டு, ஷெல்லில் சோதனைக் கட்டளையைத் தட்டுங்கள். வரும் செய்தியில் கோப்பின் பெயர், வரி எண், தவறான சொல் மூன்றையும் கண்டுபிடித்துக் குறிப்பேட்டில் எழுதுங்கள். பிறகு எழுத்தைச் சேர்த்துச் சரிசெய்யுங்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம்தான். அது பலிக்காவிட்டால் பழையபடி வைத்துவிட்டு அடுத்ததைப் பாருங்கள். தானாக உண்டாக்கிய பிழையை இரண்டு மூன்று முறை படித்துப் பழகியவருக்கு, தானாக வரும் பிழையைப் படிக்கக் கை நடுங்காது.