மீனும் கண்டமும்

இன்று எது எங்கே இருக்கின்றதோ, அது ஆதிமுதல் அங்கேயே இருந்தது என்று நினைப்பவர்கள் நம்மில் ஏராளம். இது சரிதானா என்று ஒரு மீனைக்கொண்டே யோசித்துப் பார்ப்போம்.

செவுளோடு நுரையீரலும் உள்ள ஒரு மீன் உண்டு. நுரையீரல் மீன் என்பது அதன் பெயர். இன்று அது ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா, ஆஸ்திரேலியா ஆகிய மூன்று கண்டங்களில் நன்னீரில் மாத்திரமே வாழ்கின்றது. உப்பு நீரில் பிழைக்காத இம்மீன் இவ்வளவு பெரிய சமுத்திரங்களை எப்படித் தாண்டிற்று?

கண்டங்கள் ஒரு காலத்தில் ஒட்டியிருந்து பிறகு விலகின என்று வேகனர் 1912-ல் சொன்னார். பலர் பரிகசித்தார்கள். 1960-களில் கடல் தரையை ஆராய்ந்த பின்னரே அது பொதுவாக ஒப்புக்கொள்ளப்பட்டது. அப்படியானால், தெற்கே ஒட்டியிருந்த நிலத்தில் மட்டும் இம்மீன் பிறந்து, நிலம் பிரிந்தபோது தானும் பிரிந்தது என்று முடிவு கட்டிவிடலாமா? உயிருள்ள மீனை மாத்திரம் பார்க்கிறவன் அப்படித்தான் சொல்லுவான். கல்லாய்ப் போன மீனோ வேறு சாட்சி சொல்லுகின்றது.

ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் ஆசியாவிலும்கூட இதன் பற்கள் பாறைகளில் கிடைத்திருக்கின்றன. நமது கோதாவரிப் பள்ளத்தாக்கில் மலேரி என்னுமிடத்தில், 20 கோடி வருஷங்களுக்கு மேற்பட்ட பாறையில் கிடைத்த பற்களைப் பற்றி 1859-லேயே எழுதியிருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் உயிருள்ள மீனை ஆராய்ச்சிக்காரர் விவரித்ததோ 1870-ல் தான். அதன் பல்லைப் பார்த்தே, கல்லில் கண்ட மீனின் இனம் இது என்று தெரிந்துகொண்டார்கள்.

ஆகவே, இம்மீன் எங்கெங்கோ பரவியிருந்து, மற்ற இடங்களில் அழிந்து, மூன்று இடங்களில் மிஞ்சியது என்பது விளங்குகின்றது. நிலம் பிரிந்தது ஒரு காரணம். இனம் அழிந்தது மற்றொரு காரணம். இரண்டாவது காரணத்தைக் காட்டிக்கொடுத்தது பாறைதான்.

இன்று வட அமெரிக்காவிலும் மத்திய அமெரிக்காவிலும் கியூபாவிலும் மட்டுமே உள்ள 'கார்' என்ற மீனின் சங்கதியும் இதுவே. அதன் இனத்தின் கல்லுருவங்கள் ஐரோப்பாவிலும் ஆப்பிரிக்காவிலும் நமது தக்காணத்திலும் அகப்பட்டிருக்கின்றன.

இன்னொன்றும் சொல்லவேண்டும். இன்று நன்னீரில் வாழும் மீனின் முன்னோர் என்றும் நன்னீரிலேயே வாழ்ந்தனர் என்றும் சொல்லிவிட முடியாது. ஆதி நுரையீரல் மீன்கள் கடலில் வாழ்ந்தவை. இதையும் நமக்குச் சொன்னது பாறையே.

ஆதலால், இன்றிருப்பதுதான் என்றும் இருந்தது என்று யாராவது சாதித்தால், தோழர்களே, அவரை ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "பாறையைத் தோண்டிப் பார்த்தீரா?"