பல்லுப் போனால் சொல்லும் போகும்



ஊர் உறவுகளுக்கு ஒரு நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது வாசியுங்கள். வீட்டில் கண் மங்கிய மூத்தவர்கள் இருந்தால் வாசித்துக் காட்டுங்கள், ஏனென்றால் இது அவர்களைப் பற்றியது.

எங்கள் பக்கத்துக் கலியாண வீடொன்றின் சாப்பாட்டை நினைத்துப் பாருங்கள். இளசுகள் இறைச்சித் துண்டைத் தேடிக் கொண்டிருப்பார்கள். பக்கத்தில் மூத்தவர் ஒருவர் சோற்றில் ஆணத்தை விட்டுப் பிசைந்து அப்படியே விழுங்குவார். "இறைச்சி எடுங்களன்" என்றால் "டொக்டர் வேண்டாமெண்டவர்" என்பார். எந்த டொக்டரும் சொல்லியிருக்க மாட்டார். வாயில் கடைப்பல் இல்லை, அவ்வளவுதான். அதைச் சொல்ல வெட்கம்.

இந்த வெட்கத்தை எங்கள் வீட்டிலேயே பல வருடம் பார்த்தோம். உம்மாவுக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. 1990 ஒக்டோபர் 30 ஆம் திகதி, இரண்டு மணி நேர அவகாசத்தில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற்றப்பட்டபோது அவருக்கு வாய் நிறையப் பல் இருந்தது. புத்தளத்து முகாம்களில் ஓலைக் கொட்டிலுக்குள் இருந்த அந்தக் காலத்தில் பல் வலித்தால் மருந்து ஒன்றுதான்: பிடுங்குவது. அடைப்பதற்கும் வேர்ச் சிகிச்சைக்கும் நாலைந்து தடவை பஸ் ஏறிப் போய் வர வேண்டும். பிடுங்கினால் ஒரு நாளோடு வேலை முடிந்தது. பிள்ளைகளுக்குக் கொப்பியா, உம்மாவுக்குப் பல்லா என்று வந்தால் எங்கள் உம்மாமார் எதைத் தெரிவு செய்திருப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும். இப்படி ஒன்று, பிறகு பக்கத்தில் ஒன்று என்று ஊர் திரும்பி வரும்போது கீழ்த்தாடையில் ஒன்றுமே மிச்சமில்லை. எல்லாப் பழியையும் இடம்பெயர்வின் தலையில் போடவும் முடியாது. வெற்றிலைத் தட்டத்துக்கும் அதில் பங்கு உண்டு. அதைப் பிறகு சொல்கிறோம்.

கட்டுப்பல் கட்டினோம். மேல் பல் ஓரளவு நின்றது, கீழ்ப் பல் நிற்கவே இல்லை. இது உம்மாவின் பிழையுமல்ல, கட்டியவரின் பிழையுமல்ல. மேல் கட்டுப்பல் அண்ணத்தோடு ஒட்டி உறிஞ்சிப் பிடித்துக் கொள்ளும். கீழே அப்படிப் பிடிக்க இடமில்லை. நடுவில் நாக்கு வேறு ஓயாமல் அசைந்து தள்ளிக் கொண்டிருக்கும். பல் போன இடத்தில் தாடை எலும்பும் கரையத் தொடங்கும். முதல் வருடத்தில் கூடுதலாக, பிறகு மெல்ல மெல்லக் காலம் முழுக்க. அதனால்தான் போன வருடம் அளவாக இருந்த பல் இந்த வருடம் ஆடுகிறது. முழுக் கட்டுப்பல்லின் கடிக்கும் பலம் சொந்தப் பல்லின் நாலில் ஒரு பங்கு அளவுதான் என்று வைத்தியர்கள் சொல்கிறார்கள். பனங்கிழங்கு, கணவாய், குர்பான் இறைச்சி எல்லாம் அந்த நாலில் ஒன்றுக்குள் அடங்குமா?

சாப்பாட்டை விட எங்களுக்கு வலித்தது வேறொன்று. உம்மாவிடம் அயல் பிள்ளைகள் குர்ஆன் ஓத வருவார்கள். அரபு எழுத்துகளில் சில, நாக்கு நுனி மேல் முன்பல்லின் விளிம்பைத் தொட்டால்தான் சரியாக வெளிவரும். 'ஃபா' என்ற எழுத்துக்குக் கீழுதட்டில் மேற்பல் பட வேண்டும். கீழ்க் கட்டுப்பல் பேசும்போது எழும்பி எழும்பி வந்ததால் உம்மா இரண்டையும் கழற்றிக் கைக்குட்டையில் சுற்றி வைத்துவிட்டார். பிறகு பிள்ளைகளையும் வர வேண்டாம் என்றார். ஏன் என்று கேட்டபோது, "நான் பிழையாச் சொன்னா அதுகளும் பிழையாப் பிடிச்சிரும்" என்றார். பல்லுப் போனால் சொல்லுப் போச்சு என்பதை நாங்கள் சும்மா பகிடிக்குச் சொல்வோம். வீட்டுக்குள் வந்தபோது அது பகிடியாக இல்லை.

இனி விஷயத்துக்கு வருவோம். பல் இம்பிளான்ட் என்பது வெளிநாட்டுக்காரர் அழகுக்குச் செய்கிற வேலை என்றுதான் எங்களில் பலர் நினைக்கிறோம். நாங்களும் அப்படித்தான் நினைத்திருந்தோம். ஆனால் இம்பிளான்ட் என்பது தாடை எலும்புக்குள் வைக்கிற சிறிய டைட்டானியத் திருகு. பல்லின் வேருக்குப் பதில் அது. சுவீடனைச் சேர்ந்த பெர்-இங்வார் பிரோனமார்க் என்ற ஆய்வாளர் 1950களில் முயலின் எலும்புக்குள் டைட்டானியக் கருவி ஒன்றை வைத்து இரத்த ஓட்டத்தைப் பார்த்துக் கொண்டிருந்தார். ஆய்வு முடிந்து கழற்றப் போனால் கழற்ற முடியவில்லை. எலும்பு அந்த உலோகத்தோடு சேர்ந்து வளர்ந்து இறுகிவிட்டது. 1965 இல் முதல் முறையாக ஒரு மனிதருக்கு வைத்தார். பிறவியிலேயே தாடைக் குறைபாடும் பல் குறைபாடும் உள்ள மனிதர் அவர். 2006 இல் அவர் இறக்கும் வரை, நாற்பது வருடத்துக்கு மேல், அந்தத் திருகுகள் வாயில் இருந்தன. முதல் முதல் வைத்தது அழகுக்காக அல்ல, மென்று சாப்பிட முடியாத ஒரு மனிதருக்காக.

ஒரு பல் மட்டும் போனவருக்கு இதில் வேறொரு நன்மை. பாலம் போலப் பல் கட்டினால் இரு பக்கத்திலும் இருக்கிற நல்ல பல்லை அராவ வேண்டும். இம்பிளான்ட்டுக்கு அயல் பல்லைத் தொடத் தேவையில்லை. சரியான ஆளுக்குச் சரியாக வைத்தால், 10 வருடம் கழித்தும் 100க்கு 90க்கு மேல் நிலைத்து நிற்கின்றன.

ஆனால் இந்தப் பதிவின் காரணமே பின்வருவதுதான். வாய் முழுக்கப் பல் இல்லாதவருக்கு ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு திருகு வைக்கத் தேவையில்லை. கீழ்த்தாடையில், முன்பக்கம், இரண்டே இரண்டு போதும். அந்த இரண்டின் மேல் கட்டுப்பல் சட்டைப் பொத்தான் மாதிரி 'டக்' என்று மாட்டிக் கொள்ளும். இரவில் கழற்றிக் கழுவலாம். பேசும்போது எழும்பாது. 2002 இல் கனடாவின் மொன்றியலிலுள்ள மக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள், பல்லே இல்லாத கீழ்த்தாடைக்கு முதலில் யோசிக்க வேண்டிய சிகிச்சை இதுதான், வெறும் கட்டுப்பல் அல்ல என்று அறிவித்தார்கள். இருபது வருடத்துக்கு மேலாகிவிட்டது. எங்கள் தெருவில் இதைக் கேள்விப்பட்டவர் எத்தனை பேர்?

"அல்லாஹ் தந்தது போனால் போகட்டும், இரும்பை ஏன் வைக்கிறது" என்று ஒரு பெரியவர் கேட்டார். நியாயமான கேள்வி. அர்ஃபஜா இப்னு அஸ்அத் (ரலி) அவர்கள் குலாப் சண்டையில் மூக்கை இழந்தவர். வெள்ளியில் மூக்கு வைத்தார், அது துர்நாற்றம் எடுத்தது. தங்கத்தில் வைத்துக் கொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். அபூதாவூதிலும் திர்மிதியிலும் இருக்கிறது. ஆணுக்குத் தங்கம் கூடாது என்ற மார்க்கத்திலேயே இழந்த உறுப்புக்கு இந்த இடம் கிடைத்திருக்கிறது. ஆயிரம் வருடத்துக்கு முன் குர்துபாவில் வாழ்ந்த அறுவை மருத்துவர் அஸ்-ஸஹ்ராவி, ஆடும் பல்லைத் தங்கக் கம்பியால் கட்டுவதையும், மாட்டெலும்பில் பல் செதுக்கி வைப்பதையும் தன் நூலில் எழுதி வைத்திருக்கிறார். இதற்கு மேல் சந்தேகம் இருப்பவர்கள் தங்கள் ஆலிமிடம் கேட்டுத் தெளியுங்கள். நாங்கள் வாத்திமார், பத்வா கொடுப்பவர்கள் அல்ல.

காசுக் கதைக்கு வருவோம். நாங்கள் விசாரித்த இடங்களில் ஒரு பல்லுக்கு ஓர் இலட்சத்துக்குக் கீழே யாரும் சொல்லவில்லை. ஆசிரியர் சம்பளத்தில் அது பெரிய தொகை, மறைக்க ஒன்றுமில்லை. ஓரிடத்தில், பெயர் எழுதப் போவதில்லை, முதல் நாளே ஆறு இம்பிளான்ட்டுக்குக் கணக்குப் போட்டு நீட்டினார்கள். இரண்டு போதாதா என்று கேட்டபோது பதில் தெளிவாக வரவில்லை. எழுந்து வந்துவிட்டோம். இரண்டாவது வைத்தியர் ஸ்கான் பார்த்து, எலும்பு இருக்கிறது, இரண்டு போதும் என்றார்.

ஆனாலும் கணக்கை ஒரு தடவை நேர்மையாகப் பார்ப்போம். கலியாண மண்டப அலங்காரத்துக்கு, ஒரு இரவில் வாடிப் போகிற பூவுக்கு, எங்களில் எத்தனை பேர் இந்தத் தொகையைக் கொடுக்கிறோம்? பிள்ளைக்குப் புதுக் கைத்தொலைபேசி வாங்கும்போது யோசிக்காதவர்கள், உம்மாவின் பல் என்றதும் "இந்த வயதில் இனி எதற்கு" என்கிறோம். அந்த வார்த்தையை மூத்தவர்களே முதலில் சொல்லிவிடுவதால் எங்களுக்கு வசதியாகப் போய்விடுகிறது. வெளிநாட்டில் இருக்கிற மச்சான்மார், காக்காமார் பெருநாளுக்கு அனுப்புகிற காசில் இதையும் ஒரு வகையாக எண்ணுங்கள் என்று கேட்கிறோம். அரசாங்கத்திடமும் கேட்க வேண்டும். அரச மருத்துவமனையில் பல் பிடுங்குவது இலவசம், அது பெரிய உதவி, மறுக்கவில்லை. பிடுங்கிய இடத்தில் மூத்தவர் ஒருவருக்கு இரண்டு திருகு வைப்பதும் ஒரு நாள் அந்த வரிசைக்குள் வர வேண்டும்.

எல்லோருக்கும் இது பொருந்தும் என்று நினைக்க வேண்டாம். சீனி வருத்தம் கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் புண் ஆறாது, திருகும் பிடிக்காது. முதலில் சீனியை இறக்க வேண்டும். கட்டுப்பாட்டில் இருந்தால் பெரும்பாலும் செய்யலாம். சிகரெட் குடிப்பவர்களுக்குத் தோல்வி கூடுதல். எலும்புத் தேய்வுக்கு ஊசியோ குளிசையோ எடுப்பவர்கள், தாடைக்குக் கதிர் சிகிச்சை எடுத்தவர்கள் அதை வாய் திறந்து வைத்தியரிடம் சொல்ல வேண்டும். வைத்த பிறகும் நாளாந்தம் துலக்க வேண்டும். திருகுக்குப் புழு வராது, ஆனால் அதைச் சுற்றியுள்ள முரசு பழுதாகி எலும்பு கரையும். வைத்த அன்றே இறைச்சி கடிக்கலாம் என்று யாராவது ஆசை காட்டினால் நன்றாக விசாரியுங்கள். எலும்போடு இறுக வழமையாக மூன்று மாதம் வேண்டும், மேல்தாடையில் அதற்கும் கூட எடுக்கலாம். நோன்பு வருகிற மாதத்தைப் பார்த்து நாள் எடுப்பது நல்லது. வைத்தியர் இலங்கை மருத்துவ சபையில் பதிவு பெற்றவரா என்று கேட்பதற்குக் கூச்சப்படத் தேவையில்லை.

வெற்றிலை. பாக்கு தனியாகவே, புகையிலை சேராமலே, வாய்ப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004 இலேயே அறிவித்துவிட்டது. வாய் திறக்க முடியாமல் கன்னம் இறுகிப் போவதும் அதனால்தான். அப்படி இறுகிய வாய்க்குள் திருகு வைக்கக் கருவியே நுழையாது. உம்மா தட்டத்தை மூடி வைத்தது எங்கள் பேச்சைக் கேட்டு அல்ல, வைத்தியர் கன்னத்துக்குள் இருந்த வெள்ளைப் படையைக் கண்ணாடியில் காட்டியபோதுதான்.

வகுப்பறையில் நிற்பவர்கள் என்பதால் இன்னுமொன்று. மைதானத்தில் பிள்ளையின் முன்பல் முழுசாகக் கழன்று விழுந்தால், நிரந்தரப் பல் என்றால், குப்பையில் போட்டுவிடாதீர்கள். வேரைத் தொடாமல் வெள்ளைப் பக்கத்தைப் பிடித்து எடுத்து, மண் இருந்தால் தண்ணீரில் ஒரு தடவை அலசி, முடிந்தால் அதே குழிக்குள் வையுங்கள். முடியாவிட்டால் பாலில் போட்டுக் கொண்டு ஓடுங்கள். ஒரு மணித்தியாலத்துக்குள், அரை மணித்தியாலத்துக்குள் என்றால் இன்னும் நல்லது, பல் வைத்தியரிடம் போனால் பல பிள்ளைகளுக்குச் சொந்தப் பல்லே மீண்டும் நின்றுவிடும். வளரும் தாடைக்கு இம்பிளான்ட் வைக்க மாட்டார்கள், பதினெட்டு இருபது வயது வரை காத்திருக்க வேண்டும். ஒரு பெண்பிள்ளை அத்தனை வருடமும் வாயைப் பொத்திக் கொண்டு சிரிப்பதை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

உம்மாவுக்கு இரண்டு திருகும் வைத்து மூன்றரை மாதம் கழித்துப் பல்லை மாட்டினார்கள். முதல் கிழமை பழக்கமில்லாமல் ஏசிக் கொண்டிருந்தார். பிறகு ஒரு நாள் புழுக்கொடியல் கேட்டார். அதற்கு இன்னும் காலமிருக்கிறது என்று வைத்தியர் சொல்லியிருந்ததால் அவித்த பனங்கிழங்கு கொடுத்தோம். நாரைக் கிழித்து எறிந்துவிட்டுக் கடித்தார். அஸருக்குப் பிறகு இப்போது நாலு பிள்ளைகள் வருகிறார்கள். அதில் ஒன்று 'ஃபா'வை 'பா' என்கிறது. உம்மா விடுகிறாரில்லை.