வியாகுல பிரசங்கம்

தபசுகாலம் வந்துவிட்டால் யாழ்ப்பாணம், மன்னார்ப் பகுதிகளின் கத்தோலிக்க ஊர்களில் ஒரு குரல் எழும். அதனைப் பாட்டென்றும் சொல்லமுடியாது. வெறும் வாசிப்பென்றும் சொல்லமுடியாது. செத்தவீட்டு ஒப்பாரியின் சாயல் படிந்த நீண்ட ஓசை அது. சேசுநாதர் பட்ட பாடுகளைத் தியானித்தற்கென இயற்றப்பட்ட வியாகுல பிரசங்கமே அவ்வாறு ஓதப்படுவது. பிரசங்கங்கள் ஒன்பது. பிற சமயத்து வாசகர் பலர் அவ்வோசையை வேலிக்கு அப்பால் நின்று கேட்டிருப்பர்.

நூலாசிரியர் யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார். சாங்கோபாங்க சுவாமிகள் என்பது தமிழர் அவருக்கு வழங்கிய பெயர். 1676இல் கோவாவிற் பிறந்து, 1705இல் இலங்கைக்கு வந்து, தமிழையும் சிங்களத்தையும் கற்று, இரு மொழியிலும் நூல்கள் பல செய்து, 1742இல் போலவத்தையிற் காலமானார். தாய்மொழியல்லாத மொழியில் மக்களை அழவைத்தவர் என்றால் அவர் புலமையை என்னென்பது!

அக்காலம் ஒல்லாந்தர் காலம். 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய அவர்கள், கத்தோலிக்கக் குருமாருக்கு இடங்கொடுப்போர்க்கு மரணதண்டனை என்று கட்டளை பிறப்பித்தனர். குருவானவர் மறைந்து வந்து மறைந்தே செல்லவேண்டியிருந்தது. பூசையின்றி நெடுநாட் கிடந்த ஊர்களில் எழுத்தறிந்த ஒருவரும் ஓர் ஏட்டுக்கட்டும் இருந்தாற் போதும். அவர் படிக்க மற்றையோர் சூழ்ந்திருந்து கேட்பர். அன்றியும், பூசை இலத்தீன் மொழியிலேயே நடந்தது. 1960களில் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின்பின்னரே பலிபீடத்திலே தமிழ் ஒலித்தது. அதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகவே கல்வாரியின் துயரத்தை நம்மவர் தமிழிற் கேட்டு அழுதுவந்தனர் என்பதை மாணவர்கள் மனங்கொள்ளவேண்டும்.

சைவ ஆலயங்களிற் கந்தபுராணம் படிக்கும்போது ஒருவர் செய்யுளைப் படிக்க, மற்றொருவர் பயன் சொல்வார். வியாகுல பிரசங்கத்திற்குப் பயன் சொல்வாரில்லை. சிலுவைப்பாதையிலோ, 1731இல் பாப்பரசர் பன்னிரண்டாம் கிளமெந்து வரையறுத்த பதினான்கு தலங்களுக்கும் நடந்து, ஒவ்வொன்றிலும் முழந்தாளிட்டு எழுதல் வேண்டும். இங்கே நடையுமில்லை, படமுமில்லை. செவி ஒன்றே வாயில். மகனை இழந்த தாயின் புலம்பல் வருமிடத்தில் முதிய பெண்கள் முந்தானையால் முகத்தை மூடிக்கொள்வர். தம் வீட்டுச் சாவுகளும் அவர்கள் நினைவில் அப்போது எழுமன்றோ? அதனைக் கவனச்சிதறல் என்று கண்டிப்போருடன் நாம் உடன்படோம்.

இன்று இளைஞர் சிலர், நடை கடினம், வடசொல் மிகுதி, நேரமும் நீளம். சுருக்கி எளிய தமிழில் எழுதினால் என்ன என்று கேட்கின்றனர். அருஞ்சொற்களுக்குப் பொருள் எழுதிப் பின்னிணைப்பாகச் சேர்ப்பதில் தடையில்லை. நூலில் கைவைப்பதையே நாம் விரும்பவில்லை. ஒப்பாரியைச் சுருக்கிச் சொல்லும்படி எந்தத் தாயை யார் கேட்பார்? நீளம் இந்நூலின் குறையன்று. மனம் முதலில் அலைந்து, களைத்து, பின்னரே ஓரிடத்தில் அமர்கின்றது. அதற்கு நேரம் வேண்டும்.

உண்மையான குறை வேறு. ஓதத் தெரிந்தவர்கள் முதியோராகிவிட்டனர். புத்தகம் அச்சில் உண்டு. எங்கே இழுப்பது, எங்கே குரலைத் தாழ்த்துவது, எங்கே மூச்சுவிடுவது என்பன அச்செழுத்திற் காணப்படுவதில்லை. வீட்டில் அதனை அறிந்த பாட்டனாரோ பாட்டியாரோ இருப்பின், பிள்ளைகள் இத்தபசுகாலத்தில் அருகிருந்து ஒரு பிரசங்கத்தையாவது ஓதிப் பழகட்டும். முதலாவதிலிருந்தே தொடங்கவேண்டுமென்பதில்லை, பெரியவர் எதனை மனப்பாடமாக வைத்திருக்கிறாரோ, அதிலிருந்தே தொடங்கலாம்.