ஒற்றைமொழி அறிவுரையும் எல்லைப்புறக் குழந்தையின் செவியும்

1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு உள்ளிட்ட நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. கோடு நிலத்தைப் பிரித்தது, நாவைப் பிரிக்கவில்லை. கோட்டுகால், பாறசாலை வட்டாரத்துத் தமிழ்க் குடும்பத்துக் குழந்தை வீட்டில் தமிழும் வெளியில் மலையாளமும் கேட்டே வளர்கிறது.

அக்குழந்தை கேட்கும் திறனின்றிப் பிறந்தால், கேரள அரசின் 'சுருதிதரங்கம்' திட்டம் காக்ளியர் கருவியை இலவசமாகப் பொருத்துகிறது. 2012இல் தொடங்கிய இத்திட்டம் போற்றுதற்குரியது. சிக்கல் அதன் பின்னர் எழுகிறது. "ஒரே மொழியில் பேசுங்கள்; இரண்டானால் குழந்தை குழம்பும்" என்பது செவித்திறன் துறையில் உலகெங்கும் நெடுங்காலமாக வழங்கிவரும் அறிவுரை. சிறுபான்மையினர் வீட்டில் அந்த 'ஒரே மொழி' பெரும்பான்மையின் மொழியாகவே முடியும்.

இவ்வறிவுரைக்கு ஒலியியல் துணை நிற்கவில்லை. இயல்பான உட்செவியில் ஏறத்தாழ 3,500 உள்மயிர்ச் செல்கள் செய்யும் பணியை, பரவலான கருவிகளில் 12 முதல் 22 மின்முனைகளே செய்கின்றன. ஆகவே படு–பாடு போன்ற கால அளவு வேறுபாடு பெரிதும் தப்புகிறது. வலி–வளி–வழி போன்ற நுண்ணிய அலைவெண் வேறுபாடு மங்குகிறது. ஆனால் ல, ள, ழ இரு மொழிக்கும் பொது. பனி என்றால் தமிழில் குளிர்ப்பனி, மலையாளத்தில் காய்ச்சல். பணி இரண்டிலும் வேலை. பொருள் மாறினும் செவி பிரித்தறிய வேண்டிய ன–ண வேறுபாடு ஒன்றே. இதில் குழப்பம் எங்கே?

மாறிய ஒலிக்குப் பழகுவது மூளை. அதற்கு உணவு தொடர்ந்த பேச்சு. 1999இல் ஸ்டூவர்ட் ரோசன் குழுவினர் கருவியொலியைப் போல் உருமாற்றிய பேச்சை இயல்பான செவியுடையோர்க்குக் கேட்பித்தனர். தொடக்கத்தில் வாக்கியச் சொற்களில் நூற்றுக்கு ஒன்றே புரிந்தது. மூன்று மணிநேர உரையாடற் பயிற்சிக்குப் பின் முப்பது புரிந்தது. குழந்தைக்கு அத்தகைய உரையாடலைத் தயக்கமின்றி நாள்தோறும் தரவல்லவர்கள் தாயும் பாட்டியுமே. அவர்களைத் திக்கித் திணறும் மலையாளத்துக்குத் தள்ளுவது அந்த உணவையே குறைப்பதாகும். ஃபெரன்ஸ் புன்டா குழுவினர் அமெரிக்காவில் செய்த ஆய்வுகளிலும், வீட்டுமொழிக்கு ஆதரவு பெற்ற இருமொழிக் குழந்தைகள் ஆங்கிலத்தில் பின்தங்கவில்லை.

எனவே ஒற்றைமொழி அறிவுரை பயிற்சி மையத்தின் வசதியைக் காக்கிறது, குழந்தையை அன்று. எல்லை வட்டாரத்தில் பயிற்சியும் மதிப்பீடும் இரு மொழியிலும் நடக்கவேண்டும். தமிழில் சரியாக விடை சொல்லும் குழந்தையை மலையாளச் சொற்பட்டியலால் மட்டும் அளந்து 'முன்னேற்றம் இல்லை' என்று எழுதினால், அது குழந்தையின் குறையன்று; அளவுகோலின் குறை.