சொந்த கேசில் வெறும் சாட்சி! பாதிக்கப்பட்டவருக்குத் துணை யார்?

சென்னை:
வெட்டுப்பட்டவர் ஒருவர். நகையைப் பறிகொடுத்தவர் ஒருவர். ஆனால் கோர்ட்டு கட்டைப் பிரித்துப் பார்த்தால் வழக்கு சர்க்காருக்கும் எதிரிக்கும் நடக்கிறது. பாதிக்கப்பட்டவருக்கு அதில் என்ன இடம்? பல வழக்குகளில் "அ.சா.1". அதாவது அரசு தரப்பு முதல் சாட்சி. அவ்வளவுதான்!

சம்மன் வந்தால் வரவேண்டும். வாய்தா போட்டால் திரும்பிப் போகவேண்டும். ஒருநாள் கூலி போச்சு, பஸ் செலவு போச்சு. எதிரியின் ஆட்கள் அதே வராண்டாவில் நின்று முறைக்கிறார்கள். "என் கேஸ் என்ன ஆச்சு?" என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை.

சட்டத்தில் குறையா? அப்படிச் சொல்ல முடியாது.

சட்டம் என்ன சொல்கிறது?

1.7.2024 முதல் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் அமலில் இருக்கிறது. அதன்படி எந்தப் போலீஸ் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். "இது எங்க எல்லை இல்லை, அந்த ஸ்டேஷனுக்குப் போ" என்று விரட்டக் கூடாது. முதல் தகவல் அறிக்கையின் நகலைக் காசு வாங்காமல் கொடுக்க வேண்டும். புலன் விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்பதை 90 நாட்களுக்குள் போலீசாரே தெரிவிக்க வேண்டும். வழக்கை சர்க்கார் வாபஸ் வாங்குவதாக இருந்தால், பாதிக்கப்பட்டவரைக் கேட்காமல் கோர்ட்டு அனுமதி தரக் கூடாது. எதிரி விடுதலையானால் பாதிக்கப்பட்டவரே அப்பீல் செய்யலாம்.

இன்னொரு முக்கிய விஷயம் நஷ்டஈடு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக் குழுவிடம் மனு கொடுத்தால், 2 மாதத்துக்குள் விசாரித்து முடிவு செய்ய வேண்டும். குற்றவாளி யார் என்றே தெரியாமல் வழக்கு நடக்காமல் போனாலும் மனு போடலாம்! இந்த ஏற்பாடு 2009-ம் ஆண்டு கடைசியிலேயே பழைய சட்டத்தில் வந்துவிட்டது. தெருவில் நாலு பேரைக் கேட்டால் எத்தனை பேருக்குத் தெரியும்?

கற்பழிப்பு, ஆசிட் வீச்சுக்கு ஆளானவருக்குத் தனியார் ஆஸ்பத்திரியும் காசு கேட்காமல் சிகிச்சை தரவேண்டும். ஆசிட் வீச்சில் குறைந்தது 3 லட்ச ரூபாய், அதில் 1 லட்சம் 15 நாளுக்குள் என்று சுப்ரீம் கோர்ட்டு 2013-ம் ஆண்டிலேயே உத்தரவு போட்டது.

காவலரே காட்டிக் கொடுத்தால்?

காகிதத்தில் உள்ளது களத்தில் எப்படி என்பதற்குத் தமிழ்நாட்டு வழக்குகள் இரண்டு போதும்.

முதலாவது பொள்ளாச்சி வழக்கு. 2019-ம் ஆண்டு, புகார் கொடுத்த பெண்ணின் பெயரைப் போலீஸ் உயர் அதிகாரியே நிருபர்களிடம் சொல்லிவிட்டார். பெயரை வெளியிடுவது சிறைத் தண்டனைக்கு உரிய குற்றம். அந்தப் பெண்ணுக்கு 25 லட்ச ரூபாய் நஷ்டஈடு கொடுக்க ஐகோர்ட்டு உத்தரவிட்டது.

பாடம் படித்தார்களா? இல்லை! 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக மாணவி பாலியல் வழக்கின் முதல் தகவல் அறிக்கை, அவரது விவரங்களுடன் வெளியே கசிந்தது. கம்ப்யூட்டர் கோளாறு என்று காரணம் சொல்லப்பட்டது. மீண்டும் 25 லட்ச ரூபாய். 3 பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகள் கொண்ட தனிப்படையையும் ஐகோர்ட்டு அமைத்தது.

அந்தப் படை விசாரித்த வழக்கில் 2025 ஜூன் 2-ந் தேதி தீர்ப்பு வந்தது. ஆயுள் தண்டனை, 30 ஆண்டுக்குக் குறையாமல் சிறை. சம்பவம் நடந்து 6 மாதம்கூட ஆகவில்லை.

பொள்ளாச்சி வழக்கில் தீர்ப்பு வர 6 ஆண்டு ஆனது. 2025 மே 13-ந் தேதி 9 பேருக்கும் சாகும்வரை சிறை. பாதிக்கப்பட்ட 8 பெண்களுக்கு மொத்தம் 85 லட்ச ரூபாய் வழங்கவும் கோர்ட்டு சொன்னது. இத்தனை ஆண்டு இழுத்தும் சாட்சிகள் யாரும் பிறழவில்லை என்பதுதான் பெரிய சங்கதி. பெயர் வெளியே வராது, கூட ஆள் இருக்கிறது என்ற தைரியம் இருந்தால் சாட்சி நிலைத்து நிற்கும். பயந்தவர் பல்டி அடிப்பார். எதிரி சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போவான்.

எல்லாருக்கும் ஐகோர்ட்டா?

இந்த இரண்டும் ஊரே பார்த்த வழக்குகள். ராத்திரி வேலை முடிந்து வரும்போது கத்திக்குத்து வாங்கிய தொழிலாளிக்கு எந்தக் கோர்ட்டு தானாக முன்வரும்? அவர் வழக்கில் யார் தனிப்படை அமைப்பார்கள்?

குழந்தைகளுக்கு மட்டும் ஒரு நல்ல வழி இருக்கிறது. போக்சோ விதிப்படி, குழந்தைகள் நலக் குழு ஒரு துணையாளரை நியமிக்கலாம். ஸ்டேஷன், ஆஸ்பத்திரி, கோர்ட்டு என்று கடைசிவரை கூடவே வருவது அவர் வேலை. குழந்தைக்கு வேண்டியது பெரியவருக்கு வேண்டாமா? கூலிக்காரருக்கும், கணவனைப் பறிகொடுத்த பெண்ணுக்கும் அதே மாதிரி ஓர் ஆள் இருந்தால் என்ன கெட்டுவிடும்?

தமிழ்நாட்டின் மகளிர் போலீஸ் நிலையங்களுக்கு முன்னோடியாக 1992-ம் ஆண்டு சென்னை ஆயிரம் விளக்கில் நிலையம் திறந்த ஊர் இது. ஸ்டேஷனுக்கு ஒரு துணையாளரை உட்கார வைப்பது முடியாத காரியம் அல்ல.

அதுவரை பொதுமக்கள் சில நம்பர்களைக் குறித்து வைக்கலாம். பெண்களுக்கு 181. குழந்தைகளுக்கு 1098. இலவச சட்ட உதவிக்கு 15100. புகார் கொடுத்தால் நகல் வாங்காமல் ஸ்டேஷன் படி இறங்க வேண்டாம்.

கோர்ட்டில் எதிரிக்குப் பக்கத்தில் ஒரு வக்கீல் நிற்கிறார். அடிபட்டவருக்குப் பக்கத்தில் ஒருவராவது நிற்க வேண்டும். அதுதானே நியாயம்?