வலைக்கும் கண்ணி அளவு உண்டு

மீனுக்குத் தக்க கண்ணி வேண்டும் என்பது கடலுக்குப் போகிறவர்கள் அறிந்த பாடம். கண்ணி மிகச் சிறுத்துவிட்டால் குஞ்சும் பாசியும் வலையில் நிறையும். பயங்கரவாதத்தைப் பிடிக்கச் சட்டம் இயற்றும் சர்க்காருக்கும் இது பொருந்தும்.

ஏர்வாடி முதல் இராமேசுவரம் வரையுள்ள கரைக்கு இது புதிய விஷயம் அல்ல. தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் சுமார் 30 கிலோ மீட்டர்தான். 1983-க்குப் பிறகு உயிர் தப்பிய அகதிகள் இந்தக் கடல் வழியே வந்தார்கள். துப்பாக்கி ஏந்திய இயக்கத்தாரும் வந்து போனார்கள். இரு சாராரையும் பிரித்து அறிவது சர்க்காரின் கடமை.

1991 மே 21-ந் தேதி ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி படுகொலை செய்யப்பட்டார். நாடே பதறியது. துப்பு எப்படிக் கிடைத்தது? குண்டு வெடிப்பில் மாண்ட ஹரிபாபு என்ற போட்டோக்காரரின் காமிராவால்! கொலையாளி தனுவின் முகத்தையும், சிவராசனின் முகத்தையும் அதிலிருந்த படங்களே காட்டிக் கொடுத்தன. பொறுமையான புலன் விசாரணையின் பலன் அது.

ஆனால் வழக்கு தடா சட்டத்தின் கீழ் நடந்தது. போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலத்தையே சாட்சியமாக ஏற்கும் சட்டம் அது. 1998 ஜனவரியில் தனிக் கோர்ட்டு 26 பேருக்கும் தூக்குத் தண்டனை விதித்தது. 1999 மே மாதம் சுப்ரீம் கோர்ட்டு, இது தடா குற்றமே அல்ல என்று கூறிவிட்டது. 4 பேருக்குத் தூக்கும் 3 பேருக்கு ஆயுள் தண்டனையும் நிலைத்தன. மற்ற 19 பேரும் கொலைக் குற்றத்திலிருந்து விடுபட்டார்கள். சிறையில் கழிந்த ஆண்டுகளை அவர்களுக்கு யார் திருப்பித் தருவது?

"அந்த வாக்குமூலங்கள் இல்லாவிட்டால் தண்டனையே கிடைத்திராதே!" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் வாக்குமூலத்தைப் பதிவு செய்த அதிகாரியே, ஓய்வு பெற்ற பின், பேரறிவாளன் சொன்னதில் ஒரு பகுதியைத் தாம் எழுதாமல் விட்டதாக 2013-ல் கூறினார். இப்படிப்பட்ட ஆதாரத்தின் மேல் தூக்குக் கயிற்றைத் தொங்கவிடலாமா?

கோவையில் 1998 பிப்ரவரி 14-ந் தேதி வெடித்த குண்டுகள் 58 உயிர்களைக் குடித்தன. குற்றவாளிகள் தண்டிக்கப்பட்டார்கள், அது சரியே. ஆனால் அதே வழக்கில் கைதான மதானி ஒன்பது ஆண்டுகள் சிறையில் இருந்து, 2007-ல் விடுதலையானார். குற்றம் நிரூபணமாகவில்லை.

2008 நவம்பரில் பயங்கரவாதிகள் கடல் வழியாக மும்பைக்குள் புகுந்தார்கள். ஒரு மீன்பிடிப் படகைக் கடத்தி அதில்தான் வந்தார்கள். அன்று முதல் நமது கரைகளிலும் காவல் பலமாயிற்று. வேண்டியதுதான். ஆனால் அந்நியப் படகை நடுக்கடலில் முதலில் காண்பவர் யார்? மீனவர்தானே! தகவல் சொல்லப் போனால் தன்னையே சந்தேகிப்பார்கள் என்று அவர் அஞ்சினால், வாய் திறப்பாரா?

ஏர்வாடி தர்காவின் சந்தனக்கூடு விழாவுக்கு இந்துக்களும் இஸ்லாமியரும் சேர்ந்தே வருகிறார்கள். இந்த ஒற்றுமையைக் குலைப்பதே குண்டு வைப்பவனின் ஆசை. ஒரு மதத்தார் முழுவதையும் சந்தேகிக்கும் சர்க்கார், அறியாமலே அவன் வேலையைச் செய்து கொடுக்கிறது.

தடா 1995-ல் காலாவதியானது. பொடா 2004-ல் ரத்தாயிற்று. இன்று சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டம் இருக்கிறது. அதன்படி குற்றப் பத்திரிகை தாக்கல் செய்யாமலே 180 நாட்கள் வரை காவலில் வைக்கலாம். ஜாமீன் கிடைப்பது குதிரைக் கொம்பு.

பயங்கரவாதிக்கு இரக்கம் காட்டும்படி நாம் சொல்லவில்லை. துப்பறியும் இலாகாவுக்குத் தேவையான ஆட்களையும் கருவிகளையும் தாராளமாகக் கொடுங்கள். வழக்கைத் தினந்தோறும் நடத்தி விரைவில் முடியுங்கள். நிரபராதி என்று விடுதலையானவருக்கு நஷ்ட ஈடு கொடுக்கச் சட்டம் செய்யுங்கள். குற்றவாளி தப்பக் கூடாது. அவனுக்காக அடுத்த வீட்டுக்காரன் சிறைக்குப் போகவும் கூடாது. இரண்டையும் செய்து காட்டுவதே பலமுள்ள சர்க்காருக்கு அழகு.