வெள்ளைக்காரன் கட்டிய கோயிலா?

பெங்களூரில் ரசல் மார்க்கெட் அருகே நிற்கும் புனித மரியன்னை பேராலயத்தை அறியாத தமிழ்க் குடும்பம் இந்த ஊரில் இருக்க முடியாது. ஆகஸ்டு 29இல் கொடியேறி செப்டம்பர் 8இல் தேர் புறப்படும் வரை, சமயம் பாராமல் நம்மவர் அங்கே திரள்கின்றனர். காவி உடுத்தி நேர்த்திக்கடன் செலுத்துவோரும், சேலை அணிந்த மாதாவைக் காணக் காத்திருப்போரும் ஏராளம். ஆனால், "இதைக் கட்டியது யார்?" என்று பிள்ளைகள் கேட்டால், "வெள்ளைக்காரன்" என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். அந்த விடை போதாது என்பதே என் கருத்து.

வெள்ளைக்காரன் என்றால் ஆங்கிலேயன் என்று கொள்வது நம் வழக்கம். இங்கே வந்தவர்களோ பிரெஞ்சுப் பாதிரிமார். 1818 வாக்கில் கூரை வேய்ந்த சிறு கோயில் ஒன்றை இங்கு அமைத்தவர் அபே துபுவா. பிரான்சின் ஆர்தேஷ் பகுதியில் சேன் ரெமேஸ் என்ற சிற்றூரில் பிறந்தவர்; மைசூர் நாட்டில் அம்மை குத்தும் பணியை முன்னின்று பரப்பியவர்; 1823இல் தாயகம் திரும்பினார். 'காணிக்கை மாதா கோயில்' என்று அது அழைக்கப்பட்டது. செஞ்சிப் பக்கமிருந்து குடியேறிய தமிழர்களே அங்கு வழிபட்டனர் என்பது வழிவழிச் செய்தி. 1809இல் ஆங்கிலேயர் தண்டு அமைத்தபின் தமிழர் குடியேற்றம் இன்னும் பெருகியது.

இன்றைய ஆலயம் பாதிரியார் கிளைனர் காலத்தில், 1875 முதல் 1882 வரை எழுந்தது. முகப்பில் சுமார் 160 அடி உயரக் கோபுரம், கூர்முனை வளைவுகள், தூண் வரிசைகள், வண்ணக் கண்ணாடிச் சன்னல்கள் எல்லாம் பிரான்சின் கோயில்களில் காணும் அமைப்பே. கூர்முனை வளைவு கூரையின் பாரத்தைத் தூண்களுக்கு இறக்கிவிடுவதால், சுவரில் பெரிய சன்னல்கள் வைக்க முடிகிறது. 1974இல் இது பசிலிக்கா என்ற சிறப்பைப் பெற்றது.

வரைபடம் பிரெஞ்சுக்காரருடையது, சரி. வந்து வணங்கி, திருமுழுக்கும் திருமணமும் நடத்தி, அந்தக் கட்டடத்தைக் கோயிலாக்கியவர்கள் யார்? மக்கள் போனால் கோயில் என்னவாகும் என்பதற்கு ஹாசன் மாவட்டத்து ஷெட்டிஹள்ளியே சாட்சி. அங்கும் பிரெஞ்சுப் பாதிரிமார் எழுப்பிய ஆலயம் உண்டு. ஹேமாவதி அணைக்காக ஊர் இடம்பெயர்ந்தது. மழைக்காலத்தில் அது நீரில் நிற்கிறது. கோடையில் கூரையற்ற சுவர்களாய் வெளிப்படுகிறது. படம் எடுக்க வருவோர் உண்டு, பூசை இல்லை.

இதைச் சொல்வது உரிமை கொண்டாட அல்ல. வழிபாட்டு மொழி பற்றிக் கர்நாடகக் கோயில்களில் கசப்புகள் நேர்ந்ததுண்டு. சிவாஜிநகரிலோ தமிழிலும் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் பூசை நடக்கிறது. "நாங்கள் முந்தி வந்தோம்" என்று வழக்காட வரலாறு வேண்டாம். "நாங்களும் இந்த ஊரை ஆக்கினோம்" என்று பிள்ளைகளுக்குச் சொல்ல அது வேண்டும்.

கத்தோலிக்கப் பங்குகளில் திருமுழுக்கு, திருமணம், அடக்கப் பதிவேடுகள் எழுதும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. நம் வீட்டுப் பரண்களிலும் பழைய படங்களும் கடிதங்களும் உறங்குகின்றன. பாட்டன் எந்த ஊரிலிருந்து, எந்த வேலைக்கு வந்தார் என்று சொல்லக்கூடிய பெரியவர்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைகிறார்கள். ஒவ்வொரு குடும்பமும் இரண்டு பக்கமாவது எழுதி வைக்கட்டும். தமிழ் அமைப்புகள் அவற்றைத் திரட்டட்டும். கோபுரத்தைக் காக்கப் பலர் இருக்கிறார்கள். அதன் நிழலில் வாழ்ந்தவர்களின் கதையை நாம்தான் காக்க வேண்டும்.